கேளாமல் சொன்ன தீர்ப்பு: புகார் மரபில் நீதிபதியின் இடம்

1. கேள்வி

நீதிபதி தீர்ப்புக்கு எப்படி வந்து சேர்கிறார்? நிரூபணமான உண்மைகளைச் சட்டத்தோடு பொருத்திப் பார்த்து விடை காண்கிறாரா, விடையை முன்னமே மனத்தில் வைத்துக்கொண்டு அதற்கான காரணங்களைத் தேடுகிறாரா? சட்டவியலில் ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் விவாதம் இது. அமெரிக்க நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ 1921இல் வெளிவந்த தம் நூலில், தீர்ப்பெழுதுபவரின் பிறப்பும் வளர்ப்பும் விருப்பு வெறுப்பும் அவரே அறியாமல் அவரை இழுத்துச் செல்கின்றன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பதவியில் இருந்த ஒருவரே இதைச் சொன்னதுதான் அந்த நூலின் கனம்.

தமிழில் இதே கேள்வியை மிக விரிவாக எழுப்பிய நூல் சிலப்பதிகாரம். அதன் முதல் காண்டத்தின் களம் புகார். இன்றைய மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழி வட்டத்தில், காவிரி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள பூம்புகார். கண்ணகி நீதி கேட்டது மதுரையில்தான். ஆனால் எந்த அளவுகோலால் மதுரையின் தீர்ப்பை அளக்க வேண்டும் என்பதைக் காப்பியம் புகாரிலேயே வாசகர் கையில் கொடுத்துவிடுகிறது. இந்தப் பகுதியைப் பெரும்பாலும் இந்திர விழாவின் அலங்கார வருணனையாகவே கடந்து போகிறோம். நீதியின் காவல் நீதிபதியின் நல்ல குணத்தில் இல்லை, அவரைச் சுற்றி அமைந்துள்ள ஏற்பாடுகளில் இருக்கிறது என்ற கருத்து அதில் உள்ளது என்பதும், காவிரிப் படுகையின் பிற்காலச் சான்றுகளை அந்தக் கருத்தின் வழியே படிக்க முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரை வாசித்த விதம்

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை முழுமையாகப் பதிப்பித்த பிறகு, கண்ணகியின் கணவன் கோவலனின் கொலையைப் பற்றி மூன்று வகை வாசிப்புகள் நிலைத்தன. முதலாவது ஊழ்வினை வாசிப்பு. காப்பியமே அதற்கு இடம் தருகிறது. முற்பிறப்பில் கலிங்க நாட்டில் வணிகன் ஒருவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்து அவன் சாவுக்குக் காரணமான பழி கோவலனைத் தொடர்ந்தது என்கிறது. இரண்டாவது அரச அறம் பற்றியது. தவறு தெரிந்த கணத்திலேயே உயிரை விட்ட பாண்டியன் நீதிக்கு உயிர் கொடுத்த மன்னனாகப் போற்றப்படுகிறான். மூன்றாவது இருபதாம் நூற்றாண்டின் அரசியல் வாசிப்பு. ம.பொ. சிவஞானமும் திராவிட இயக்கத்தாரும் கண்ணகியை அதிகாரத்தின் முன் நின்று நியாயம் கேட்ட தமிழ்ப் பெண்ணாக நிறுவினார்கள். 1964இல் ‘பூம்புகார்’ திரைப்படம் வந்தது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் சிலை எழுந்தது. பெரியார் இந்தக் காப்பியத்தையும் அது முன்னிறுத்தும் பெண்ணையும் ஏற்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மூன்று வாசிப்புகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தீர்ப்பு எப்படித் தவறியது என்று அவை நின்று பார்ப்பதில்லை. ஊழ் என்றால் விசாரணை முறை முக்கியமில்லாமல் போகிறது. மன்னனின் சாவைப் போற்றினால், சாவதற்கு முன் அவன் செய்யத் தவறியவை மறைந்துவிடுகின்றன. கண்ணகியின் வீரத்தை மட்டும் பார்த்தால், அவள் முன்வைத்த சான்றின் நுட்பம் கண்ணில் படுவதில்லை. காப்பியத்தின் ஆசிரியர் இளங்கோவோ ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வழக்கறிஞரின் கவனத்தோடு அடுக்கியிருக்கிறார்.

3. புகாரின் ஐந்து மன்றங்கள்

இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களை வரிசையாகச் சொல்கிறது. வெள்ளிடை மன்றத்தில் வெளியூர் வணிகர்களின் பொதிகள், உரிமையாளர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டு, கதவும் காவலும் இல்லாமல் திறந்த வெளியில் கிடக்கும். யாராவது திருடினால் அந்தப் பொதியே அவன் தலைமேல் ஏறி, கழுத்து கடுக்க ஊரைச் சுற்றவைக்கும். இலஞ்சி மன்றத்துப் பொய்கை உடற்குறையும் நோயும் தீர்க்கும். நெடுங்கல் நின்ற மன்றம் நஞ்சு உண்டவரையும் பித்தேறியவரையும் பாம்பு தீண்டியவரையும் பேய் பிடித்தவரையும் மீட்கும். பூத சதுக்கத்துப் பூதம் பொய்த் தவசிகளையும் பிறன்மனை நயப்பவர்களையும் கடமை தவறிய அமைச்சர்களையும் பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் கயிற்றால் கட்டி அடித்து உண்ணும். ஐந்தாவது பாவை மன்றம். அங்குள்ள பாவை வாய் திறந்து பேசாது. அரசனின் கோல் கோணினாலோ, அறங்கூறும் அவையத்தார் ஒரு பக்கம் சாய்ந்து உரைத்தாலோ அது கண்ணீர் வடிக்கும்.

இவற்றில் இரண்டு மன்றங்கள் மருத்துவம் சார்ந்தவை. ஒன்று வணிகப் பாதுகாப்பு. நம் கேள்விக்கு நேராக நிற்பவை பூதமும் பாவையும். பூதம் காவல் காப்பது பெரிதும் அவைக்கு உள்ளே வரும் பேச்சை; பொய்ச்சாட்சி நுழையாமல் பார்த்துக்கொள்கிறது. பாவை காவல் காப்பது அவையிலிருந்து வெளியே போகும் பேச்சை. புகாரில் அறங்கூறவையம் இருந்தது என்று கவிஞர் குறிப்பிடுகிறார். ஆனால் அந்த அவையத்தார் யார், எத்தனை பேர், எவ்வளவு படித்தவர்கள் என்று ஒரு சொல் இல்லை. அவர்களின் அறிவையோ ஒழுக்கத்தையோ அவர் புகழவில்லை. அவர்களைக் கண்காணிப்பவற்றைத்தான் விரித்துச் சொல்கிறார்.

பாவையின் வரம்பும் கவனிக்கத் தக்கது. அது தீர்ப்பை மாற்றாது, நடுவரைத் தண்டிக்காது, சரியான விடை எது என்று அறிவிக்காது. ஊரார் அறிய மன்றத்தில் நின்று அழும், அவ்வளவுதான். சாய்ந்த தீர்ப்பு சாய்ந்தது என்று பொதுமக்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதே அதன் வேலை. அரசனுடைய பிழையையும் அவையத்தாருடைய பிழையையும் தனித்தனியே எண்ணியிருப்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆள்பவர் நேர்மையாக இருந்தும் அவை கோணலாம் என்பதை அந்தக் கவிஞர் அறிந்திருக்கிறார்.

கீழையூரில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை போல இந்த மன்றங்களுக்கு மண்ணில் தடயம் கிடையாது. அவை கவிதைக்குள் வாழ்பவை. இன்று பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை ஒட்டி நாம் பார்க்கும் மன்றங்கள் 1970களில் எழுப்பப்பட்டவை. ஆகவே இவற்றை வரலாற்று நிறுவனங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சமூகம் நீதியைப் பற்றி என்ன அஞ்சியது, என்ன விரும்பியது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

பூத சதுக்கத்தைப் பற்றி அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. வறியவன் ஒருவன், தான் அறியாத ஒன்றைப் பற்றி, கற்புடைய பெண்ணின் மேல் பழி விழும்படி அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொல்கிறான். பூதம் அவனைக் கட்டிவிடுகிறது. அவன் தாய் கதறுகிறாள். கோவலன் கட்டுக்குள் புகுந்து, இவனுக்குப் பதில் என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். கெட்டவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரை எடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை என்று பூதம் மறுக்கிறது. கோவலன் பிறகு அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டு பொருள் கொடுத்துக் காக்கிறான். புகாரில் ஒரு பொய்ச்சாட்சிக்காக உயிர் கொடுக்க முன்வந்தவன், அடுத்த நாட்டில் ஒரு பொய்ச்சாட்சியின் சொல்லால் உயிர் இழக்கிறான். இளங்கோ இந்தக் கதையைக் கொலைக்குச் சற்று முன்னால் வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. பொய்ச்சாட்சியைப் பிடிக்கும் ஏற்பாடு இருந்த ஊரையும் அது இல்லாத ஊரையும் அவர் அருகருகே நிறுத்துகிறார்.

4. வழியில் பிறந்த ஆணை

கண்ணகியின் சிலம்பை விற்க மதுரைக்கு வந்த கோவலன் கொல்லப்படும் கொலைக்களக் காதையை விசாரணைக் குறிப்பு போலப் படித்துப் பார்க்கலாம். ஆணை பிறந்த இடம் அரசவை கிடையாது. கூத்தில் மனம் பறிகொடுத்த அரசன்மேல் ஊடல் கொண்ட தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் போகும் வழியில் அரசனின் காலில் பொற்கொல்லன் விழுகிறான். தேவியின் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும், அவன் யார், சிலம்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னான், தேவியின் சிலம்போடு ஒத்துப் பார்த்தாயா என்று எதுவுமில்லை. தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று ஊர்க்காவலருக்கு ஆணை போகிறது.

இந்த ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அவன் கையிலிருப்பது தேவியின் சிலம்புதானா என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். அதை முடிவு செய்வதுதான் நீதிபதியின் வேலை. பாண்டியன் தன் வேலையைக் காவலரிடம் விட்டுவிட்டான். காவலருக்கு வழிகாட்டியாகப் போனவனோ உண்மையில் திருடிய பொற்கொல்லன். குற்றம் சுமத்தியவனே அடையாளம் காட்டுகிறான், அவனே நிபுணராகவும் சான்று சொல்கிறான்.

காவலருக்கு ஐயம் வந்தது. கோவலனைப் பார்த்ததும், இவன் தோற்றத்தில் கள்வனின் குறிகள் இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் உடனே கள்வர்கள் கைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் முதலான எட்டையும் எடுத்துச் சொல்லி அச்சுறுத்துகிறான். இளைய காவலன் ஒருவன், மழை இரவில் தன் வாளையே பிடுங்கிக்கொண்டு மறைந்த திருடனைப் பற்றிச் சொல்கிறான். கள்வரின் திறமை அப்படிப்பட்டது, இவனை விட்டால் அரசன் நம்மை ஒறுப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்கிறான். அந்தத் தயக்கத்தின் நடுவில்தான் கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசுகிறான்.

காப்பியத்தில் என்னை மிகவும் பாதிக்கும் பகுதி இது. கொலையைச் செய்தது குடியனின் வாள். ஆனால் அங்கு நின்ற மற்றவர்களின் ஐயம் மேலே போவதற்கு வழியே இல்லை. திரும்பிப் போய், அரசே, இவன் கள்வன் போல் தெரியவில்லை, நேரில் ஒருமுறை கேளுங்கள் என்று சொல்ல முடியாதபடி அச்சம் தடுத்தது. இன்று அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. ஆணைக்கும் வாளுக்கும் நடுவே இன்னொருவர் பார்வை இருக்க வேண்டும் என்ற தேவைக்கு இந்தக் காதையைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

5. இரண்டாம் விசாரணை

வழக்குரை காதையில் அதே அரசன் வேறு மாதிரி நடந்துகொள்கிறான். வாயிலோன் வந்து சொன்னதும் கண்ணகியை உள்ளே வரவிடுகிறான். யார் என்று கேட்கிறான். புகாரின் அரசர்கள் புறாவுக்கும் பசுவுக்கும் நீதி செய்த வரலாற்றைச் சொல்லி, அந்த ஊர்க்காரி என்று அவள் தன்னை அறிமுகம் செய்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் விதியைச் சொல்கிறான். கண்ணகி விதியை மறுக்கவில்லை; உண்மையை மறுக்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் ஒப்புக்கொண்டு, கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறான். அவள் உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது.

இரு தரப்பும் தங்கள் கூற்றைச் சோதனைக்கு முன்பே அவையில் பதிவு செய்துவிட்டார்கள். பொருள் எல்லோர் கண்ணெதிரே இருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் யாரும் பிறகு பேச்சை மாற்ற முடியாது. சான்றுச் சட்டம் படித்தவர் எவரும் இதைவிட நேர்த்தியான சோதனையை வகுத்துவிட முடியாது. இந்தச் சோதனையைக் கொலைக்கு முன்பே செய்திருக்கலாம். அதே சிலம்பு, அதே தேவி, அதே அரண்மனை. சான்று கையில்தான் இருந்தது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. எனவே பாண்டியன் உயிர் விட்டதை நீதிபதிக்குரிய முன்மாதிரியாகக் காட்டும் மேடைப் பேச்சுகளை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சாவு அவன் மனச்சாட்சிக்குச் சான்று. கோவலனுக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

6. தேர்க்காலும் நுந்தா விளக்கும்

கண்ணகி சொன்ன பசுவின் கதையைப் பெரிய புராணம் திருவாரூரில் நடந்ததாகச் சொல்கிறது. கன்றின்மேல் தேரேற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் சிற்பம் திருவாரூரில் கல்தேராக நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் அவனுக்குச் சிலை உண்டு. தன் ரத்தத்துக்கும் சலுகை தராத நடுநிலை என்ற அளவில் அந்தக் கதை உயர்ந்தது. மணிமேகலையிலும் புகாரின் அரசன், மகன் உதயகுமரன் கொலையுண்ட செய்தி கேட்டு, தான் செய்ய வேண்டிய தண்டனையை வேறொருவன் செய்துவிட்டான் என்ற அளவிலேயே பேசுகிறான்.

ஆனால் தேர்க்கால் கதையில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. இளவரசன் வேண்டுமென்று செய்தானா? சேக்கிழார் சொல்லும்படி கன்று தானே துள்ளித் தேர்க்காலில் விழுந்தது. அமைச்சர்கள் நூல் விதித்த கழுவாயைச் செய்யலாம் என்கிறார்கள், அரசன் மறுக்கிறான். நடுநிலையை நிரூபிக்கும் அவசரத்தில் குற்ற நோக்கம் இருந்ததா என்ற விசாரணை நடக்கவே இல்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டும் நடைமுறை வேறு. வேட்டையில் குறி தவறிய அம்பு ஆளைக் கொன்ற வழக்குகள் அவற்றில் பதிவாகியுள்ளன. நாட்டாரும் ஊராரும் கூடி, கொலை தெரியாமல் நிகழ்ந்தது என்று கண்டு, உயிருக்கு உயிர் கேட்காமல், இறந்தவர் பெயரால் கோயிலில் நுந்தா விளக்கு என்னும் அணையா விளக்கு எரிக்கப் பணித்தார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் இத்தகைய வழக்குகளைப் பேசியிருக்கிறார். தன்மாசனம் என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் நீதி இருக்கையும் இருந்தது. புராணத்து அரசன் கேட்காத கேள்வியை, பெயர் தெரியாத ஊர்ச் சபையார் கேட்டிருக்கிறார்கள். நம் நீதிமன்ற வளாகத்தில் அவர்களுக்குச் சிலை இல்லை.

இளம் சோழன் ஒருவன் நரைமுடி தரித்து வழக்குத் தீர்த்த செய்தியும் இந்த மரபில் சேர்ந்தது. இவன் சிறுவன், என்ன நியாயம் சொல்லப் போகிறான் என்று ஐயுற்ற முதியவர்கள் மகிழும்படி அவன் அப்படிச் செய்தான் என்று பழமொழி நானூறு சொல்கிறது. பின்வந்த மரபு அதைக் கரிகாலன்மேல் ஏற்றியது. வழக்காளியின் நம்பிக்கையைப் பெறுவதும் நடுவரின் வேலை என்ற புரிதல் அதில் தெரிகிறது. அந்த நம்பிக்கையைத் தோற்றத்தால் பெறலாம் என்ற எண்ணத்தில் ஆபத்தும் இருக்கிறது. அங்கியும் உயர்ந்த மேடையும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

7. மாயூரத்து முன்சீப்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால், பூம்புகாரின் சுற்றுவட்டாரத்திலேயே தன் பதவியைப் பற்றித் தமிழில் யோசித்த நீதிபதி ஒருவர் கிடைக்கிறார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் பிறந்தவர். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாகி, சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்பது பலருக்கும் தெரியும். 1862இல் அவர் வெளியிட்ட ‘சித்தாந்த சங்கிரகம்’ பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்த நூல் அது.

கீழமை நீதிமன்றத்தின் நடுவர் ஒருவர், தன்னைக் கட்டுப்படுத்தும் மேல் நீதிமன்றத்தின் விதிகளைத் தன் முன் நிற்கும் வழக்காளியும் படிக்கும்படி செய்கிறார். அதன் பிறகு அவர் விதியிலிருந்து விலகினால் எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடும். தன்னைக் கண்காணிக்கும் கருவியை அவரே மக்கள் கையில் கொடுத்தார் என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன். நாவலிலும் அவர் இதே கவலையைத் தொடர்கிறார். நீதிபதி, வக்கீல், வாதி, பிரதிவாதி எல்லோரும் தமிழராக இருக்கும்போது ஆங்கிலத்தில் வாதம் நடப்பது ஏன் என்று அவர் பாத்திரம் கேட்கிறது. தன் வழக்கில் என்ன பேசப்படுகிறது என்றே தெரியாமல் நிற்கும் ஆளின் சார்பில் எழுந்த கேள்வி அது.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 1832இல் பிறந்த டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். அவருடைய சிலை அந்த வளாகத்தில் இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் 1976இல் சட்டப்படி இடம் பெற்றது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இன்றுவரை நடக்கவில்லை.

8. வெண்மணித் தீர்ப்பு

நீதிபதியின் முன்முடிவு பற்றி காவிரிப் படுகையில் யார் எழுதினாலும் கீழ்வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ராமையாவின் குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். இறந்தவர்கள் தலித் மக்கள். நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோர் மீது வழக்கு நடந்தது. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் அவர் உட்பட எட்டுப் பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

உயர் நீதிமன்றம் சாட்சியங்களில் உள்ள முரண்பாடுகளையும் பேசியது. ஐயத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்பது சரியான விதி. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொரு காரணமும் இடம் பெற்றது. இவர்கள் நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அது எழுதியது.

இது எந்தச் சாட்சியும் கூண்டில் ஏறிச் சொன்ன செய்தி இல்லை. மிராசுதார்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நீதிபதிகள் மனத்தில் இருந்த சித்திரம். அந்தச் சித்திரத்தைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் வாய்ப்பில்லை. மதுரைக் காவலர்கள் தோற்றத்தைப் பார்த்துக் கோவலன் கள்வன் இல்லை என்றார்கள். அது உண்மையாக இருந்தது. இங்கே தோற்றமும் சொத்தும் பார்த்து எழுந்த ஐயம் தீர்ப்பின் ஒரு தூணாகவே நின்றது. இரண்டு இடத்திலும் தோற்றத்திலிருந்து முடிவுக்குப் போகும் வழி ஒன்றுதான். அது ஒரு முறை சரியாக அமைந்தாலும் சான்று ஆகிவிடாது. அந்த நாட்களில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமிப் பிள்ளை கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர் தரப்பினர் தண்டனை பெற்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படுகையின் உழைக்கும் மக்கள் நீதிமன்றத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது விளங்கும்.

9. தன்னை விசாரித்த நீதிபதி

இந்த முன்முடிவுகளிலிருந்து விடுபட முடியுமா? முடியாது என்று சொல்லும் ஆய்வுகள் புகழ் பெற்றுவிட்டன. இஸ்ரேலியப் பரோல் நீதிபதிகள் உணவு இடைவேளைக்குப் பிறகு சுமார் 65 விழுக்காடு கோரிக்கைகளை ஏற்று, அடுத்த இடைவேளை நெருங்கும்போது ஏறக்குறைய எல்லாவற்றையும் மறுத்தார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. வழக்குகள் விசாரணைக்கு வந்த வரிசையே தற்செயலானது இல்லை, அதனால் அந்த முடிவு நிற்காது என்று வேறு ஆய்வாளர்கள் உடனே மறுத்தார்கள். பசியை வைத்துத் தீர்ப்பை விளக்குவது எளிது என்பதால் அந்தச் செய்தி பரவியது. மறுப்பு அந்த அளவுக்குப் பரவவில்லை.

பயனுள்ள எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. 2021இல், மதுரையிலிருந்து வந்த தன்பால் இணையர் இருவர் பெற்றோர்களின் புகார்களிலிருந்தும் காவல்துறை விசாரணைத் தொல்லையிலிருந்தும் பாதுகாப்புக் கேட்ட வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அந்தப் பொருளில் தனக்குப் போதிய புரிதல் இல்லை, சமூகம் ஊட்டிய முன்முடிவுகள் தன்னிடமும் இருக்கின்றன என்று அவர் ஆணையிலேயே எழுதினார். உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, ஜூன் 7ஆம் தேதி விரிவான வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நீதிமன்றத்துக்கு வெளியே பெற்ற அறிவைக் கொண்டு தீர்ப்பு சொல்வது, வெண்மணியில் நான் குறை சொன்ன அதே செயல் இல்லையா? வேறுபாடு வெளிப்படையில் இருக்கிறது. தான் என்ன நினைத்தார், யாரிடம் கேட்டார், என்ன மாறியது என்பதை அவர் ஆணையில் பதிவு செய்தார். தவறென்று நினைப்பவர் அதைச் சுட்டி மேல்முறையீடு செய்யலாம். மிராசுதார் பற்றிய எண்ணமோ பொது அறிவு என்ற போர்வையில் வந்து, அது ஒரு முன்முடிவு என்று தன்னை அறியாமலேயே தீர்ப்பில் உட்கார்ந்துவிட்டது.

விசாரிப்பது நீதிபதியின் கடமை என்பதைச் சட்டமும் சொல்கிறது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 165ஆம் பிரிவு, உண்மையை அறிய எந்தச் சாட்சியையும் எந்த நேரத்திலும் கேள்வி கேட்கும் அதிகாரத்தை அவருக்குத் தந்தது. 2023இல் வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் அது 168ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இரு வக்கீல்களின் போட்டியைப் பார்த்துப் புள்ளி போடும் நடுவராக மட்டும் நீதிபதி இருந்துவிடக் கூடாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1981இலிருந்தே அழுத்திச் சொல்லி வருகிறது. அந்தப் பிரிவு விசாரணை நீதிமன்றங்களில் போதிய அளவு பயன்படுவதில்லை என்பது என் கருத்து. சுமையாக வழக்குகள் குவிந்திருக்கும்போது கேள்வி கேட்க நேரம் ஏது என்பார்கள். பாண்டியனுக்கும் நேரம் இல்லை, தேவி காத்திருந்தாள்.

10. செய்ய வேண்டியவை

மேலே பார்த்தவற்றிலிருந்து இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் வழக்காளியின் மொழியில், காரணங்கள் விடுபடாமல், தீர்ப்பு வெளிவரும் நாளிலேயே கிடைக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில இன்று தமிழில் வருகின்றன, அது போதாது. வேதநாயகம் பிள்ளை தனி ஆளாக ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தார் என்றால், ஓர் அரசும் ஒரு நீதிமன்றமும் சேர்ந்து செய்ய முடியாத வேலை இது கிடையாது.

இரண்டாவது சட்டக் கல்லூரிகளுக்கானது. கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் இலக்கிய விழாவுக்கு ஒதுக்கிவிடாமல், சாட்சியச் சட்ட வகுப்பில் வைத்துப் படியுங்கள். பக்கத்தில் 1970ஆம் ஆண்டு நாகப்பட்டினம் தீர்ப்பையும் 1973ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் வைத்து, எந்த வரி சாட்சியிலிருந்து வந்தது, எந்த வரி நீதிபதியின் மனத்திலிருந்து வந்தது என்று மாணவர்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.